ஆக்சைடு பொடி தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

சிமெண்டுக்கு நிறம் கொடுக்க இரும்பு ஆக்சைடு பொடி கலக்கும் வேலையில் "பொடி சரியில்லை" என்ற புகாரை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பொடி நல்ல பொடியாகவே இருக்கும். தண்ணீர் கூடியிருக்கும், எடை போடாமல் குவளையால் அளந்திருப்பார்கள், அல்லது உலர்கலவையை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு அவசரமாகத் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். இரும்பு ஆக்சைடு எளிதில் கெடுகிற பொருள் அல்ல. அது தண்ணீரில் கரையாது, சிமெண்டின் காரத்துக்கு அசையாது, வெயிலில் வெளுக்காது. ஆகவே பழியை அதன் மேல் போடுவதற்கு முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும் கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

சிவப்பு, மஞ்சள், கருப்பு மூன்றும் இரும்பு ஆக்சைடு வகைதான். பழுப்பு பெரும்பாலும் இவற்றைக் கலந்து செய்வது. ஆனால் மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

## நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எதையும் செய்வதற்கு முன் திட்டின் வடிவத்தை நின்று பாருங்கள். காரணம் அந்த வடிவத்திலேயே எழுதியிருக்கும்.

புள்ளியும் கோடுமாகச் சுத்த நிறம் தெரிகிறது. பொடி கட்டியாகவே கலவைக்குள் போயிருக்கிறது. இந்தப் பொடியின் துகள் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. அதனால் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுகொள்ளும். வெறும் கண்ணுக்குக் கலந்துவிட்டது போலத் தெரிந்தாலும் உள்ளே உருண்டைகள் இருக்கும். கரணை அவற்றை நசுக்கும்போது மேற்பரப்பில் கோடாக இழுபடும்.

இதைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். ஒரு பிடி உலர்கலவையை வெள்ளைத் தாளில் கொட்டி, கரணையின் அடிப்பக்கத்தால் அழுத்தி ஒரே இழுப்பாக இழுங்கள். ஒருமுறை, "நன்றாகக் கலந்தாகிவிட்டது" என்று சொல்லப்பட்ட கலவையில் இப்படி இழுத்தேன். சாம்பல் கலந்த செம்மண் நிறத்துக்கு நடுவே மூன்று கோடுகள் ரத்தச் சிவப்பாக எழுந்தன, யாரோ தூரிகையால் போட்டது போல. அதே கலவையை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்துப் புரட்டிய பிறகு மறுபடி இழுத்தபோது ஒரே நிறத்தில் ஒரு பட்டை மட்டும் வந்தது. கோடு மறையும்வரை தண்ணீரைத் தொடாதீர்கள். போட்டு முடித்த தரையில் இந்தக் கோடுகளை அழிக்க வழியில்லை. மேல் அடுக்கை இயந்திரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது மேலே புதிய பூச்சுப் போட வேண்டும்.

ஒரு பகுதி அடர்த்தியாகவும் அடுத்த பகுதி வெளிறியும் இருக்கிறது, நடுவே நேர்க்கோடு. ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் வித்தியாசம். முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தண்ணீர் கூடினால் நிறம் குறையும். மணல் ஒரு நாள் காய்ந்தும் மறுநாள் நனைந்தும் இருந்திருந்தால், வாளிக் கணக்குச் சரியாக இருந்தும் தண்ணீர் கூடியிருக்கும். அடுத்து, பொடி வேறு வேறு மூட்டையா, சிமெண்ட் வேறு வேறு வகையா என்று பாருங்கள். சிமெண்டின் சாம்பல் நிறமே ஒன்றுக்கொன்று மாறும். ஒரு அறைக்கு வேண்டிய சிமெண்டையும் பொடியையும் ஒரே தடவையில் உலர்வாகக் கலந்து, காற்றுப் புகாமல் கட்டி வைத்துக்கொண்டு எடுத்து எடுத்துப் பயன்படுத்துவதே நல்லது. ஈர மணலை மட்டும் அதில் முன்கூட்டியே சேர்த்துவிடாதீர்கள்; சிமெண்ட் இறுகத் தொடங்கிவிடும்.

வாளி வைத்த வட்டம், தாள் மடிப்பின் கோடு. தரை இறுகும் நாட்களில் அதை ஈரமாக வைத்துக் காத்ததில் வந்த வேறுபாடு. பாலித்தீன் தாள் சில இடங்களில் ஒட்டியும் சில இடங்களில் உப்பியும் இருந்தால் அதன் சுருக்கமெல்லாம் தரையில் படமாகும். சில வாரம் பொறுங்கள். பெரும்பாலானவை தானே மங்கும்.

கருத்த, பளபளப்பான வளைவுகள். மேற்பரப்பு இறுகிய பிறகும் இரும்புக் கரணையால் அழுத்தித் தேய்த்ததன் தடம். சிவப்பில் அழகாகக்கூடத் தோன்றலாம். மஞ்சளிலும் வெளிர் நிறத்திலும் அழுக்காகவே தெரியும், போகாது. வெளிர் நிறத்துக்குக் கடைசி இழுப்பைப் பிளாஸ்டிக் கரணையால் முடியுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: திட்டு அறை முழுவதும் பரவியிருந்தால். கையால் தேய்த்துச் சரிசெய்யப் போனால் தேய்த்த இடம் இன்னொரு திட்டாகும். தரை தேய்க்கும் இயந்திரம் வைத்திருப்பவரிடம் ஒரு மூலையில் மாதிரி காட்டச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

## மூக்கு சிந்தினால் நிறமாக வருகிறது, இருமல் வருகிறது

நிறம் சீராக வருவதற்கு உலர்கலப்பு எவ்வளவு அவசியமோ, தூசி கிளம்புவதும் அதே நேரத்தில்தான். அதனால்தான் இதைத் திட்டுக்கு அடுத்தபடியாக வைத்தேன். நன்றாகப் புரட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மூச்சைப் பற்றிப் பேசாமல் போவது சரியல்ல.

முதலில் முகக்கவசத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். மூக்கின் இரு ஓரத்திலும் நிறக் கோடு இருந்தால் கவசம் முகத்தோடு பொருந்தவில்லை. மேலே உள்ள உலோகப் பட்டையை மூக்கோடு அழுத்தி வளையுங்கள். தாடி இருந்தால் எந்தக் கவசமும் சரியாகப் பொருந்தாது. உள்பக்கம் முழுவதும் நிறமாக இருந்தால் கவசமே தகுதியற்றது. கைக்குட்டையும் துணிக் கவசமும் இந்தத் துகளைத் தடுக்காது. என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரம் வேண்டும்.

அடுத்து, கொட்டும் முறை. மூட்டையை இடுப்பு உயரத்திலிருந்து கவிழ்த்தால் மேகம் எழும். மூட்டையின் வாயைப் பாத்திரத்தின் அடிவரை இறக்கி, பிறகு மூட்டையை மெல்ல மேலே இழுங்கள். பொடி வழுக்கி இறங்கும். இயந்திரத்தில் கலப்பதானால் இன்னும் எளிய வழி உண்டு: பொடியைக் கலவைத் தண்ணீரில் ஒரு பங்கில் முன்கூட்டியே கரைசல் போல அடித்து ஊற்றுங்கள். தூசியும் இல்லை, கட்டியும் இல்லை. அந்தத் தண்ணீரை மொத்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

இரும்பு ஆக்சைடு கடும் நஞ்சு அல்ல. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, ஃபெரிக் ஆக்சைடை (சிவப்பு இரும்பு ஆக்சைடை) புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த இயலாத மூன்றாம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் துகள் நுரையீரலில் தங்கி, எக்ஸ்-ரேயில் நிழலாகத் தெரியும். வெல்டிங் தொழிலாளரிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்த நிலைக்கு சிடெரோசிஸ் என்று பெயர். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, ஒரு கனமீட்டர் காற்றில் இரும்பின் அளவாக 5 மில்லிகிராம். கண்ணுக்கு மேகமாகத் தெரியும் இடத்தில் நின்றுகொண்டு இந்த வரம்புக்குள் இருக்கிறோம் என்று நம்ப வழியில்லை.

உண்மையில் எனக்குப் பெரிய கவலை ஆக்சைடைப் பற்றி அல்ல, கூடவே பறப்பவற்றைப் பற்றி. மண்ணிலிருந்து எடுத்த இயற்கைக் காவியில் குவார்ட்ஸ் துகள் இருக்கலாம். அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலை நிரந்தரமாகத் தழும்பாக்கும். சிமெண்ட் தூசி ஈரத்தில் காரமாகிப் புண்ணாக்கும். கவசம் அணிவது இவற்றுக்காகவும்தான்.

எப்போது மருத்துவரிடம்: இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மூச்சு இரைத்தால், நெஞ்சு இறுகினால். ஆஸ்துமா உள்ளவர் முதல் நாளே போகட்டும். என்ன பொடி, எத்தனை ஆண்டு வேலை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

## உலர்ந்ததும் நிறம் வெளிறிவிட்டது

ஈரத்தில் பார்த்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஏமாறுவது மிகச் சாதாரணம். ஓரிடத்தில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அன்றைய நிறம் திரும்ப வந்தால் குறை எதுவும் இல்லை. நீங்கள் எதிர்பார்த்தது ஈர நிறத்தை. மெழுகு அல்லது சீலர் (மேற்பரப்பை அடைக்கும் பூச்சு) பூசினால் அந்த ஆழத்தில் ஓரளவு மீளும். அடுத்த முறை ஒரு சிறிய பலகையில் மாதிரி போட்டு, ஒரு வாரமாவது உலரவிட்டு, அதைப் பார்த்து ஒப்புதல் கொடுங்கள்.

தெளித்தும் வராவிட்டால் அளவைப் பாருங்கள். குவளைக் கணக்கு இங்கே எடுபடாது. மஞ்சள் பொடி பஞ்சு போல உப்பி நிற்கும், சிவப்பு கனக்கும். ஒரே குவளையில் இரண்டும் ஒரே எடை இராது. தராசு வையுங்கள். சிமெண்டின் எடையில் நூற்றுக்கு 5 பங்கு என்றால் 50 கிலோ மூட்டைக்கு 2.5 கிலோ. 5, 6 விழுக்காட்டைத் தாண்டினால் நிறம் மேலும் ஏறுவது அநேகமாக நின்றுவிடும், பணம்தான் போகும். வண்ணக் கான்கிரீட்டுக்கான ஏஎஸ்டிஎம் சி979 தரநிலை நிறமியின் மொத்த அளவைச் சிமெண்டின் எடையில் 10 விழுக்காட்டோடு நிறுத்துகிறது.

அளவும் தண்ணீரும் சரியாக இருந்தால் சிமெண்டைப் பாருங்கள். சாம்பல் நிறச் சிமெண்டில் மஞ்சள் ஒருபோதும் பளிச்சென்று வராது. பாசி படிந்தது போல மங்கும். அதற்கு வெள்ளை சிமெண்ட்தான் வழி. சிவப்புக்கும் கருப்புக்கும் சாம்பல் சிமெண்டே தாங்கும்.

## மேலே வெள்ளையாகப் பூக்கிறது

உப்புப் பூத்தல். நிறம் போய்விட்டது என்று பலரும் பதறுவது இங்கேதான். நிறம் போகவில்லை, மேலே வெள்ளைத் திரை விழுந்திருக்கிறது. சிமெண்டிலிருந்து வரும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலேறி, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. நிறமில்லாத தரையிலும் இது நடக்கும். சாம்பலில் தெரியாது, சிவப்பிலும் கருப்பிலும் முகத்தில் அடித்தாற்போலத் தெரியும்.

சோதனை இரண்டு. நனைத்தால் வெள்ளை மறைந்து, காய்ந்தால் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ் எழுந்து, அந்தச் சொட்டளவு வட்டத்தில் சிவப்பு கிளம்பி வந்தால் கார்பனேட்தான். குமிழ் எழாமல், தண்ணீரில் கழுவியதும் போய்விட்டால் கரையும் உப்பு. மணலிலோ தண்ணீரிலோ வந்திருக்கும்.

புதிய தரையில் லேசான பூப்பு என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். உலர்ந்த தூரிகையால் தேய்த்துவிட்டு, சில வாரம் மாப் போட்டு வாருங்கள். பிடிவாதமாக நின்றால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். தரையை முதலில் தண்ணீரால் நனைத்துவிட்டே அமிலம் பூச வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே உறிஞ்சிவிடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக் கழிவறைக்கு வைத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அப்படியே ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். தரையின் மேல்தோலே உரிந்து மணல் பல்லிளிக்கும். அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

துடைத்துத் துடைத்தும் மறுபடி பூத்தால் ஈரம் கீழேயிருந்து வருகிறது. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் பதித்து, 16 மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். அடியில் நீர்த்துளியோ, தரையில் கருத்த ஈரமோ இருந்தால் இனி மேற்பூச்சு வேலை எதுவும் பயன் தராது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: அந்தத் தாளின் அடியில் ஈரம் கண்ட அன்றே. ஈரத்தடுப்பு வேலை தெரிந்த பொறியாளர் பார்க்க வேண்டியது அது. அதற்கு முன் சீலர் பூசிவிடாதீர்கள். உப்பு அதற்கு அடியில் சிறைப்பட்டுப் பூச்சைத் தூக்கிவிடும்.

## காலிலும் துணியிலும் நிறம் ஒட்டுகிறது

உலர்ந்த வெள்ளைத் துணியால் ஓரிடத்தைத் தேய்த்து எடுங்கள். அதே இடத்தைக் கழுவி, உலரவிட்டு மறுபடி தேய்க்கவும். முதல் முறை மட்டும் ஒட்டினால் மேலே மிஞ்சிய பொடி, கழுவினால் தீர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஒட்டினால் மேற்பரப்பு பலமில்லை. ஆணியால் கீறினால் தூளாக உதிரும்.

காரணங்கள் வழக்கமானவை: பளபளப்புக்காக ஈரத் தரையில் வெறும் பொடியைத் தூவியது, தண்ணீர் கூடியது, ஈரம் காக்காமல் இரண்டே நாளில் காயவிட்டது. பொடிக்குத் தானாக ஒட்டும் குணம் கிடையாது. சிமெண்ட் பிடித்துக்கொண்டால்தான் நிற்கும். லேசான உதிர்தலுக்குச் சிலிக்கேட் வகைக் கடினமாக்கித் திரவம் கைகொடுக்கும். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் இடங்களும் இருந்தால் திரவத்தில் பணத்தைப் போடாதீர்கள். அந்த அடுக்கு அடித்தளத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. பெயர்த்துத்தான் போட வேண்டும், அதற்கு அனுபவமுள்ள கொத்தனார் வேண்டும்.

## மஞ்சள் சிவந்துவிட்டது, கருப்பு பழுப்பேறிவிட்டது

சூடு. மஞ்சள் ஆக்சைடில் நீர் பிணைந்திருக்கிறது. ஏறத்தாழ 180 டிகிரி செல்சியசில் அந்த நீர் வெளியேறி அது சிவப்பு ஆக்சைடாகவே மாறிவிடும், திரும்ப வராது. கருப்பும் அதே சுற்றுவட்டச் சூட்டில் ஆக்சிஜனை ஏற்றுப் பழுப்பாகும். சூட்டு அடுப்பில் வேகவைக்கும் பூச்சு, பக்கத்தில் நடந்த வெல்டிங், கேஸ் விளக்குச் சுடர் இவற்றைத் தேடுங்கள். சிவப்புக்கு இந்தப் பயமில்லை. சூடு படும் வேலைக்கு வெப்பம் தாங்கும் வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

## பொடியின் மேலேயே சந்தேகம்

மேலே உள்ள எதிலும் விடை கிடைக்காதபோதுதான் இங்கே வர வேண்டும். ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி, வடிதாளில் வடிகட்டுங்கள். இறங்கும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். நிறமாக இறங்கினால் சாயம் கலந்திருக்கிறது. இன்னொரு சிட்டிகையில் வினிகர் விடுங்கள்; பொங்கினால் சுண்ணாம்புக்கல் மாவு கலப்படம். கருப்புப் பொடிக்குக் காந்தச் சோதனை மிக எளிது. காந்தத்தைத் தாளில் சுற்றி அருகே கொண்டுபோனால் கருப்பு ஆக்சைடு முள்முள்ளாக எழுந்து ஒட்டும். அசையாமல் கிடந்தால் அது கரித்தூளாக இருக்கலாம். மழை படும் இடத்தில் கரித்தூள் நாளடைவில் கழுவிப்போகும். சிவப்பும் மஞ்சளும் காந்தத்துக்கு இப்படி எழாது. அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மூட்டையில் கட்டி கட்டியாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. பொடி கெடவில்லை. பரப்பி உலர்த்தி, நசுக்கிச் சலித்தால் போதும், ஆனால் எடையை உலர்ந்த பிறகு போடுங்கள். சேமிப்பில் ஒரே ஒரு கண்டிப்பு: அலுமினியப் பொடியையும் இதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தண்டவாளம் பற்றவைக்கும் தெர்மிட் கலவை இவை இரண்டும்தான். பற்றிக்கொண்டால் 2000 டிகிரிக்கு மேல் எரியும், தண்ணீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

கட்டுமானத்துக்கான பொடியை முகத்துக்கோ சோப்புக்கோ விளையாட்டுப் பொருளுக்கோ எடுக்காதீர்கள். அழகுப்பொருளில் சேரும் இரும்பு ஆக்சைடுக்கு ஈயம், ஆர்செனிக் போன்றவற்றின் அளவைக் கட்டுப்படுத்திச் செய்த தனித் தரம் உண்டு.

## இரும்பில் அடித்த சிவப்புப் ப்ரைமர் உரிகிறது

உரிந்த சில்லின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துருத்தூள் ஒட்டியிருந்தால் துருவைச் சுரண்டாமல் அடித்திருக்கிறார்கள். வழவழப்பாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு. ப்ரைமர் மட்டும் அடித்து மாதக்கணக்கில் வெயில் மழையில் விட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். சிவப்பு ஆக்சைடு நிறமிதான், அது மட்டும் தனியாகத் துருவை நிறுத்தாது.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பழைய இரும்புக் கட்டுமானங்களில் சிவப்பாக இருப்பது ஆக்சைடு அல்லாமல் ஈயச் செந்தூரமாக இருக்கலாம். ஆரஞ்சு சாயல் அடித்தால் சந்தேகம் வலுக்கும், ஆனால் கண்ணால் உறுதிசெய்ய முடியாது. அதை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், சூட்டுத் துப்பாக்கியால் எரிக்காதீர்கள். ஆய்வகத்தில் ஒரு சில்லைக் கொடுத்துச் சோதித்த பிறகே கை வையுங்கள். ஈயம் என்று தெரிந்தால் அதற்கான பயிற்சி பெற்றவர்தான் அகற்ற வேண்டும். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள்.

## கண்ணில் விழுந்தது, வாயில் போனது

வெறும் ஆக்சைடு கண்ணில் விழுந்தால் கசக்காமல் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். உறுத்தல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். சிமெண்ட் கலந்த பொடி என்றால் கதை வேறு. கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்; காரம் கண்மணியை அரிக்கும்.

குழந்தை ஒரு சிட்டிகையை வாயில் போட்டுக்கொண்டால் வாயைத் துடைத்து, கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, மூட்டையின் லேபிளோடு மருத்துவரை அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆக்சைடு கரையாததால் இரும்புச் சத்து மாத்திரை அளவுக்கு ஆபத்தானது அல்ல. ஆனால் மூட்டைக்குள் வேறு என்ன இருக்கிறது என்பது லேபிளில்தான் இருக்கும்.

## கொட்டிவிட்டது, கறை ஆகிவிட்டது

தண்ணீர் ஊற்றாதீர்கள். எல்லாரும் முதலில் செய்வது அதைத்தான். ஒரு கைப்பிடிப் பொடி ஓடையாகி, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள கோடெல்லாம் ஊறிவிடும். உலர்வாகவே ஈரமில்லாத அட்டையால் மெல்ல ஒதுக்கி அள்ளுங்கள். மீதியை ஈரத் துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். துணியில் பட்டால் ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்த பிறகு சோப்பு நீர். தோலில் பட்டால் முதலில் எண்ணெய், பிறகு சோப்பு, தின்னர் வேண்டாம்.

வாளி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு இரவு அசையாமல் வையுங்கள். நிறம் அடியில் படியும். தெளிந்த நீரை மேலாக இறுத்து அடுத்த கலவைக்கு எடுத்துக்கொண்டு, அடியில் நிற்கும் சேற்றில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து இறுகவிட்டால் கட்டிடக் கழிவோடு போட்டுவிடலாம்.